சொந்தப் பிரசுரம்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஓர் இளைஞர் என்னைத் தேடிக்கொண்டு வந்தார். பாங்கியில் உத்தியோகம். தோளில் ஒரு பை. பைக்குள் அவர் எழுதிய நாவல், நானூறு பக்கம். காபி குடித்துவிட்டு நேராக விஷயத்துக்கு வந்தார்.

“சார், நாவலை நானே போட்டுவிடலாம் என்றிருக்கிறேன். அச்சகத்தில் பேசியாகிவிட்டது. அட்டையும் தயார். எப்படி விற்பது என்றுதான் தெரியவில்லை. நீங்கள் ஒரு தடவை சொந்தமாகப் போட்டீர்களாமே!”

“போட்டேன். இதை இதுவரை யார் யார் படித்திருக்கிறார்கள்?” என்று கேட்டேன்.

“புஸ்தகம் வந்தால்தானே சார் படிப்பார்கள்!” என்றார் அவர்.

அவர் சொன்னதில் பிசகு ஒன்றும் இல்லை. இருந்தாலும் அந்தப் பதில் ஒரு வாரம் என்னை விடாமல் உறுத்திக்கொண்டிருந்தது. ஆறு வருஷங்களுக்கு முன் யாராவது கேட்டிருந்தால் நானும் அதையேதான் சொல்லியிருப்பேன்.

என் மற்ற நாவல்கள் பிரசுராலயங்கள் மூலம் வந்தவை. அந்த ஒரு நாவலை மட்டும் இரண்டு பதிப்பாளர்கள் திருப்பிவிட்டார்கள். ஒருவர் காரணம் சொல்லவில்லை. மற்றவர், “நடுவிலே கொஞ்சம் தொய்கிறது, அதை மட்டும் பாருங்கள்” என்றார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. கையிலிருந்த பணத்தைப் போட்டு 300 பிரதிகள் அச்சடித்தேன். 51,000 ரூபாய் ஆயிற்று. பிரதிக்கு 170 ரூபாய். விலை 350 என்று போட்டேன். கடைக்காரருக்கு நூற்றுக்கு நாற்பது கமிஷன் போக எனக்கு 210. ஆகப் பிரதிக்கு நாற்பது ரூபாய் லாபம், கடைக்காரர் பணத்தைக் கொடுத்தால். நண்பர்களுக்கும் மதிப்புரைக்குமாக 60 பிரதிகள் இனாமாகப் போயின. வெளியீட்டுக் கூட்டத்தில் 40 விற்றன. கடைகள் மூலம் 90. பாக்கி 110 பிரதிகள் இன்றும் என் கட்டிலுக்கடியில் இருக்கின்றன. வீடு பெருக்கும்போது என் மனைவி அந்தக் கட்டுகளை வெளியே இழுத்து, பெருக்கிவிட்டு, மறுபடி உள்ளே தள்ளிவிடுகிறாள். ஒன்றும் சொல்வதில்லை.

பதினெட்டாயிரம் ரூபாய் நஷ்டம். அது போகட்டும். அந்தப் பணத்துக்கு நான் கற்றுக்கொண்ட பாடம் ஒன்று உண்டு. அதைச் சொல்வதற்கு முன், என்னைவிடப் பெரியவர்கள் தங்கள் நூல்களைத் தாங்களே போட்டுக்கொண்ட கதைகளைப் பார்ப்பது நல்லது என்று நினைக்கிறேன்.

சொந்தப் பிரசுரத்தைப் பற்றி நம்மிடையே இரண்டு அபிப்பிராயங்கள் உலவுகின்றன. பதிப்பாளர் யாரும் வாங்காத சரக்குத்தான் சொந்தப் பிரசுரமாக வரும் என்பது ஒன்று. பதிப்பாளர்கள் எல்லாரும் குருடர்கள், அசல் எழுத்து சொந்தப் பிரசுரமாகத்தான் வர முடியும் என்பது மற்றொன்று. இரண்டு கட்சியினரும் மேற்கோள் காட்டுகிற பெயர் ஒன்றுதான்: மார்ஸெல் புரூஸ்ட்.

புரூஸ்டினுடைய பெருநாவலின் முதல் பாகமான ‘ஸ்வான் வீட்டுப் பக்கம்’ 1913 நவம்பரில் பாரிஸில் வெளிவந்தது. அதற்கு முன் மூன்று பிரசுராலயங்கள் அதைத் திருப்பிவிட்டிருந்தன. தூக்கம் வராமல் புரண்டு படுக்கிற ஒருவனைச் சொல்ல எதற்கு முப்பது பக்கம் என்று ஒரு பதிப்பாளர் அலுத்துக்கொண்டார். இன்னோரிடத்தில் அதைத் திருப்பி அனுப்பியதில் பங்கு கொண்டவர் ஆந்த்ரே ழீத். அவரே பெரிய நாவலாசிரியர். கடைசியில் பெர்னார் கிராஸே என்ற இளம் பதிப்பாளரிடம், அச்சுச் செலவு முழுவதையும் தாமே தருவதாகச் சொல்லி, புரூஸ்ட் புஸ்தகத்தைக் கொண்டுவந்தார். 1914 ஜனவரியில் ழீத் தம் தவற்றுக்கு வருந்தி அவருக்குக் கடிதம் எழுதினார். அடுத்த பாகத்தை, முன்பு கதவைச் சாத்திய அதே ஸ்தாபனம் வெளியிட்டது. அதற்கு 1919-ல் கோன்கூர் பரிசு கிடைத்தது.

இதுவரை எல்லாருக்கும் தெரிந்த கதை. புஸ்தகத்தை விற்பதற்கு அவர் என்ன செய்தார் என்பதைப் பலர் அறியமாட்டார்கள். 2017-ல் பாரிஸில் ஏலத்துக்கு வந்த சில கடிதங்களிலிருந்து அது தெரியவந்தது. தம் நாவலைப் புகழ்ந்து ‘பிகாரோ’ பத்திரிகையின் முதல் பக்கத்தில் ஒரு குறிப்பு வருவதற்கு அவர் 300 பிராங்க் கொடுத்திருக்கிறார். வேறொரு பத்திரிகையில் சற்றுப் பெரிதாக வருவதற்கு 660 பிராங்க். புகழுரைகளில் சில வரிகளை அவரே எழுதித் தந்திருக்கிறார். தம் கையெழுத்து எங்கும் தெரிந்துவிடாதபடி தட்டச்சு செய்து அனுப்பும்படி சொல்லியிருக்கிறார். நம் ஊரில் ஓர் ஆசிரியர் இப்படிச் செய்தார் என்று தெரிந்தால் எவ்வளவு சிரிப்போம்!

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏனென்றால் அதே வருஷம் அதே மனிதர் அந்த நாவலின் அச்சுத் தாள்களை என்ன பாடு படுத்தினார் என்பதும் எனக்குத் தெரியும். ஐந்து தடவை புரூப் வாங்கித் திருத்தினார். திருத்தினார் என்றா சொல்வது, திரும்ப எழுதினார். ஓரங்களில் இடம் போதாமல் துண்டுத் தாள்களை ஒட்டி எழுதினார். அதிகப்படியான திருத்தத்துக்கு ஆன கூலியையும் அவரே கொடுத்தார். ஒரே தொகுதியில் அத்தனை பக்கங்கள் அடங்காது என்று கிராஸே சொன்னபோது, தாம் மனத்தில் வைத்திருந்த இடத்துக்கு வெகு முன்னாலேயே நிறுத்தி, முடிவை மாற்றி அமைத்தார். பணம் கொடுத்தவர் அவர். “என் பணம், என் புஸ்தகம், இருக்கிறபடி போடு” என்று அவர் சொல்லியிருக்கலாம்.

புகழுரைக்குப் பணம் கொடுத்த கையும் புரூப் தாளில் கோடு கிழித்த கையும் ஒரே மனிதருடையவைதாம். ஆனால் அந்த இரண்டு வேலைகளையும் அவர் ஒன்றோடொன்று கலக்க விடவில்லை. பத்திரிகைக்கு எழுதிய புகழ்ச்சியைப் புரூப் திருத்தும்போது அவர் நம்பவில்லை. அந்த நாவல் இன்றும் நிற்பதற்குப் பதிப்பாளர் கூட வேண்டியிருக்கவில்லை, இது வேண்டியிருந்தது.

புஸ்தகம் தன் சொந்தம் என்று ஆனதும் ஆசிரியனுக்கு ஏற்படுகிற மயக்கத்துக்கு சார்லஸ் டிக்கன்ஸை உதாரணம் சொல்லலாம். 1843-ல் ‘கிறிஸ்மஸ் கரோல்’ என்ற சிறு நூலைச் சொந்தச் செலவில் போட்டார். பதிப்பாளருக்குக் கமிஷன் மட்டும்தான். தங்க முலாம் பூசிய ஓரங்கள், கையால் வர்ணம் தீட்டிய படங்கள் என்று அத்தனை அலங்காரமும் செய்து, விலையை மட்டும் ஐந்து ஷில்லிங் என்று வைத்தார். டிசம்பர் 19-ல் வெளிவந்த 6,000 பிரதிகளும் கிறிஸ்மஸுக்குள் விற்றுத் தீர்ந்தன. ஆயிரம் பவுன் எதிர்பார்த்தவருக்குக் கிடைத்தது சுமார் 230 பவுன். இத்தனைக்கும் அப்போதே ஊரறிந்த ஆசிரியர். நம் சொந்தப் பிரசுரக்காரர்களில் முக்கால்வாசிப் பேர் கெட்டி அட்டையிலும் பளபளப்பிலும் பணத்தைப் போட்டுவிட்டு, பிழைதிருத்துகிறவருக்குக் கொடுக்க ஒன்றும் இல்லாமல் நிற்கிறார்கள். நானும் நின்றேன். என் நாவலின் அட்டை நன்றாக இருந்தது என்று எல்லாரும் சொன்னார்கள்.

விர்ஜினியா உல்ஃபின் கதை வேறு மாதிரி. 1917-ல் அவரும் கணவர் லெனார்டும் பத்தொன்பது பவுன் சொச்சத்துக்குக் கையால் இயக்கும் சின்ன அச்சு யந்திரம் ஒன்றை வாங்கி, வீட்டிலேயே வைத்துத் தாமே எழுத்துக் கோத்தார்கள். முதல் வெளியீடு ஆளுக்கொரு கதையாக இரண்டு கதைகள் கொண்ட சிறு நூல். சுமார் 150 பிரதிகள். விர்ஜினியாவின் முதல் இரண்டு நாவல்களை அவருடைய தாயாரின் முதல் மணத்தில் பிறந்த சகோதரரின் பிரசுராலயம் போட்டிருந்தது. மூன்றாவது நாவலான ‘ஜேக்கபின் அறை’ 1922-ல் சொந்தப் பிரசுரமாக வந்தது. மூன்றையும் வரிசையாகப் படிக்கிறவர்களுக்கு வித்தியாசம் தெரியும். முதல் இரண்டில் கதை சொல்வதற்கு ஒரு பழைய ஒழுங்கு இருக்கிறது; யாரோ ஒரு பதிப்பாளர் தலையசைக்க வேண்டும் என்ற நினைவு இருக்கிறது. மூன்றாவதில் அந்த நினைவு போய்விட்டது. கதாநாயகனை நேராகக் காட்டாமல், அவனைப் பார்த்தவர்கள் மூலமாகவும் அவன் விட்டுப்போன அறை மூலமாகவுமே காட்டுகிற துணிவு வருகிறது. அதற்குப் பிறகுதான் ‘மிஸஸ் டாலோவே’யும் ‘கலங்கரை விளக்கத்துக்கு’ம். சொந்தப் பிரசுரம் ஒரு எழுத்தாளருக்குச் செய்யக்கூடிய நன்மை என்ன என்று கேட்டால் நான் இதைத்தான் காட்டுவேன்.

ஆனால் அந்த வீட்டில் லெனார்ட் இருந்தார் என்பதை மறக்கக் கூடாது. ஒவ்வொரு நாவலையும் முடித்ததும் விர்ஜினியா முதலில் கொடுத்தது அவரிடம்தான். அவர் என்ன சொல்லப் போகிறாரோ என்று காத்திருந்ததை நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். வெளியே இருக்கிற பதிப்பாளரிடமிருந்து அவருக்கு விடுதலை கிடைத்தது. படிக்கிறவரிடமிருந்து விடுதலை வேண்டும் என்று அவர் நினைக்கவில்லை.

நம் மொழியில் இந்த விஷயத்தைப் பேச வந்தால் சி. சு. செல்லப்பாவிடம்தான் வந்து நிற்க வேண்டும். 1959 ஜனவரியில் ‘எழுத்து’ பத்திரிகையைத் தொடங்கி 1970 வரை நடத்தியவர். ‘எழுத்து பிரசுரம்’ என்ற பெயரில் தம் நூல்களையும் பிறர் நூல்களையும் போட்டார். போட்டதோடு நிற்கவில்லை, புஸ்தகங்களைப் பையில் சுமந்துகொண்டு கல்லூரி கல்லூரியாகப் போய் விற்றார். விற்பனை உத்தி என்று இன்று பேசுகிறார்களே, அவருடைய உத்தி அவருடைய தோள்தான்.

அவர் இப்படிச் சொந்தமாகப் போட்ட நூல்களில் இரண்டை நான் அடிக்கடி பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதுண்டு. ஒன்று ‘வாடிவாசல்’. ஒரு ஜல்லிக்கட்டு, தகப்பனைக் கொன்ற காளையை அணைய வந்த மகன், அந்தக் காளைக்குச் சொந்தக்காரரான ஜமீன்தார். இவ்வளவுதான். ஒரே உட்காரலில் படித்துவிடலாம். ஒரு வாக்கியத்தை எடுத்தாலும் காளை நொண்டும். மற்றொன்று ‘சுதந்திர தாகம்’. 1997-ல் மூன்று பாகங்களாக வந்தது. ஏறக்குறைய 1,800 பக்கங்கள். அடுத்த வருஷம் அவர் காலமானார். 2001-ல் அதற்குச் சாகித்ய அகாதெமி பரிசு கிடைத்தது.

‘சுதந்திர தாக’த்தைப் பாதியில் நிறுத்திவிட்டு, சில மாதங்கள் கழித்து மறுபடி எடுத்துத்தான் நான் முடித்தேன். பல இடங்களில் நாவலாசிரியர் ஒதுங்கிக்கொண்டு, எல்லாவற்றையும் ஞாபகம் வைத்திருக்கிற ஒரு பழைய தேசபக்தர் முன்னால் வந்து பேசுகிறார். ‘வாடிவாச’லை எழுதியவர் இதை வெட்டியிருப்பாரே என்று பென்சிலோடு உட்கார்ந்து படித்தேன். பிறகு வேறொன்றும் தோன்றிற்று. எந்தப் பதிப்பாளர் இந்த நூலை ஏற்றிருந்தாலும் அறுநூறு பக்கமாக்கச் சொல்லியிருப்பார். அப்போது முதலில் போவது, சரித்திரத்தில் பெயர் ஏறாத சின்ன ஊர்க்காரர்களின் கூட்டங்களும் பேச்சுகளும் சந்தேகங்களும்தாம். அந்த நாவலில் எனக்கு இன்றும் மனத்தில் நிற்பவை அவைதாம். நூலின் குறையும் நிறையும் ஒரே சுதந்திரத்திலிருந்து வந்திருக்கின்றன. ஆகவே சொந்தப் பிரசுரம் நாவலை வளர்க்கும் என்றோ கெடுக்கும் என்றோ பொதுவாகச் சொல்ல எனக்குத் துணிவில்லை. அது ஆசிரியனிடம் ஏற்கெனவே இருப்பதைப் பெரிதாக்குகிறது என்று வேண்டுமானால் சொல்லலாம்.

இப்போது என் கதைக்கு வருகிறேன்.

புஸ்தகம் அச்சாகி வந்த ஆறு மாதமும் நான் விற்பனைக்காரனாக இருந்தேன். சந்தித்தவர்களிடமெல்லாம் என் நாவலைப் பற்றி நானே பேசினேன். முதலில் கூச்சமாக இருந்தது. மூன்று வாரத்தில் பழகிவிட்டது. “எடுத்தால் கீழே வைக்க மாட்டீர்கள்” என்று ஒரு வாக்கியம் தயாராக வைத்திருந்தேன். அதை நூறு தடவை சொல்லியிருப்பேன். நூறாவது தடவை சொல்லும்போது அதை நம்பிவிட்டிருந்தேன்.

அப்போதுதான் காரைக்குடியிலிருந்து ஒரு கடிதம் வந்தது. பள்ளிக்கூடத்தில் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்ற அம்மாள். விலை கொடுத்து வாங்கிப் படித்ததாகவும், ஆரம்பமும் முடிவும் பிடித்திருந்ததாகவும் எழுதியிருந்தார். கடைசியில், “பதினாலாம் அத்தியாயத்திலிருந்து பத்தொன்பது வரை படிக்காமல் தாண்டிவிட்டேன். ஏதாவது விட்டுப்போயிருந்தால் தெரிவிக்கவும்” என்று இருந்தது.

கேலி இல்லை, உண்மையாகவே கேட்டிருந்தார். பதில் எழுதுவதற்காக அந்த ஆறு அத்தியாயங்களையும் எடுத்துப் படித்தேன். எழுபது பக்கங்கள். எதுவும் விட்டுப்போகவில்லை. “நடுவிலே தொய்கிறது” என்று ஒரு பதிப்பாளர் சொல்லி நான் கோபித்துக்கொண்டது அந்த எழுபது பக்கங்களைத்தான். ஒரு வாக்கியத்தில் இனாமாகக் கிடைத்த அறிவை 51,000 ரூபாய் கொடுத்து, காரைக்குடி வழியாகத் தபாலில் வாங்கிக்கொண்டேன்.

அதைவிட மோசமானது ஒன்று உண்டு. அந்தச் சமயம் நான் அடுத்த நாவலைத் தொடங்கியிருந்தேன். எழுதிய முதல் அத்தியாயத்தை மறுபடி படித்துப் பார்த்தேன். ஒவ்வொரு பக்கமும் அட்டையின் பின்பக்கத்தில் போடுகிற வாசகம் மாதிரி இருந்தது. வாசகரைப் பிடித்து இழுப்பதிலேயே குறியாக இருந்தது. சொல்ல வந்தது என்ன என்று அதற்கே தெரியவில்லை. விற்பனைக்காரன் எழுதுகிறவனின் நாற்காலியில் வந்து உட்கார்ந்துவிட்டான். அந்த அத்தியாயத்தைக் கிழித்துப் போட்டேன். நான்கு மாதம் ஒன்றும் எழுத முடியவில்லை.

முன்பெல்லாம் இந்த ஆபத்து சற்றுக் குறைவாக இருந்தது என்று எண்ணுகிறேன். ஈய எழுத்துக் கோத்து அச்சடித்த நாளில், சிறிய அச்சகத்தில் ஒரு பாரம் அச்சாகி எழுத்தைப் பிரித்துப் போட்ட பிறகுதான் அடுத்த பாரம் கோக்க முடியும். புரூப் வரும், போகும். திருத்தத்துக்குக் கூலி உண்டு. அந்தத் தாமதத்தில், வேண்டாம் என்று நினைத்தாலும் ஆசிரியன் தன் நாவலை இரண்டு மூன்று தடவை படித்துத்தான் ஆக வேண்டும். இன்று கணினியில் கோத்த நூலை முப்பது பிரதிகூட அச்சடித்துக்கொள்ளலாம். 2007-ல் கிண்டில் வந்ததிலிருந்து அச்சகமே வேண்டாம். இரவு ஏற்றிவிட்டால் இரண்டு மூன்று நாளில் விற்பனைக்கு வந்துவிடுகிறது. புஸ்தகத்துக்கு வேண்டிய ஐ.எஸ்.பி.என். எண்ணை நம் நாட்டில் தனி ஆசிரியரும் கட்டணமில்லாமல் பெறலாம். இவையெல்லாம் நல்ல காரியங்கள்தாம். பதிப்பாளர் வாசலில் காத்திருந்து மனம் ஒடிந்தவர்களை எனக்குத் தெரியும். ஆனால் தடை போனபோது, அந்தத் தடையோடு சேர்ந்திருந்த படிப்பும் போய்விட்டது. அதை ஆசிரியன் இனித் தானேதான் ஏற்படுத்திக்கொள்ள வேண்டும்.

சொந்தப் பிரசுரக்காரர் சட்டத்தின் கண்ணில் ஒரு முழுப் பதிப்பாளர் என்பது பலருக்குத் தெரியாது. 1954-ம் வருஷத்துச் சட்டப்படி, வெளிவந்த முப்பது நாளைக்குள் கல்கத்தா தேசிய நூலகத்துக்கும் சென்னைக் கன்னிமாரா போன்ற நூலகங்களுக்கும் ஒவ்வொரு பிரதி அனுப்ப வேண்டும். நானும் அனுப்பினேன். விற்காமல் போனாலும் புஸ்தகம் அங்கே அலமாரியில் இருக்கும், அந்த எழுபது பக்கங்களோடு. என்றாவது ஒருவர் அதை எடுத்துப் பிரிப்பார். அப்போது பக்கத்தில் நின்று “கீழே வைக்க மாட்டீர்கள்” என்று சொல்ல நான் இருக்கமாட்டேன்.

போன ஞாயிற்றுக்கிழமை அந்த இளைஞர் மறுபடி வந்தார். விற்கிற வழியைப் பற்றி எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன்: கமிஷன் கணக்கைச் சொன்னேன், முதலில் நூறு பிரதிக்கு மேல் அடிக்காதீர்கள் என்றேன், அட்டைக்கு ஆகிற பணத்தில் பாதியைப் பிழைதிருத்துகிறவருக்குக் கொடுங்கள் என்றேன். எல்லாவற்றையும் குறித்துக்கொண்டார்.

“இன்னும் ஒன்று. உங்களுக்குக் கடன்படாதவர், உங்களிடம் எதுவும் எதிர்பார்க்காதவர், அப்படி இரண்டு பேரிடம் இதைக் கொடுங்கள். எந்த இடத்தில் தாண்டினார்கள் என்று மட்டும் கேளுங்கள்.”

“அப்படி யார் சார் இருக்கிறார்கள்?”

எனக்குத் தெரிந்த ஒருவர் இருக்கிறார். என் அடுத்த நாவலின் கைப்பிரதியை முதலில் படித்தவர் அவர்தான். முப்பத்தெட்டு இடங்களில் பென்சிலால் கோடு போட்டுத் திருப்பி அனுப்பினார். காரைக்குடி விலாசத்தை எடுத்துவந்து, முதலில் அவருக்குக் கடிதம் எழுதிச் சம்மதம் கேட்டுக்கொள்ளச் சொல்லிக் கொடுத்தேன். அந்த நானூறு பக்கங்களை நானும் வாங்கி வைத்திருக்கிறேன். அறுபது பக்கம் வரை எங்கும் தாண்டவில்லை. மீதியை இந்த வாரம் படிக்க வேண்டும்.